விரல்கள் முளைத்த தட்டு

"என் தங்கச்சி ஆயுசுல ஆன்டிபயாடிக் தொட்டதே இல்ல, மேடம். அவ உடம்புல இருக்கிற கிருமி எந்த மருந்துக்கும் சாக மாட்டேங்குது. எங்க போய்க் கத்துக்கிச்சு?"

கேட்டவர் டாக்டர் பெர்க்மான்ஸ். கடலோர ஊரில் கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். யாரிடமும் சந்தேகம் கேட்டுப் பழக்கமில்லை.

பதில் சொல்ல வேண்டியவர் கிருமி ஆய்வகத்தின் டாக்டர் மைமூனா. வயதில் ரொம்பவே இளையவர்.

தங்கை அருள்சீலி மேல்மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். சிறுநீரில் தொடங்கிய தொற்று ரத்தத்தில் ஏறியிருந்தது. மிச்சமிருந்தது ஒரே மருந்து. சிறுநீரகத்தையே பதம் பார்க்கக்கூடிய மருந்து. வேறு வழியில்லாமல் அதை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஓட்டல்ல ஒரு வாய் சாப்பிட மாட்டா. ஞாயித்துக்கிழமை மீன்சட்டியில சோத்தப் போட்டு, நான் பிசைஞ்சு உருட்டிக் கையில வச்சாத்தான் அவளுக்கு இறங்கும். அவ்வளவு சுத்தம்."

சொல்லிக்கொண்டே தொண்டையைச் செருமினார். சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி விழுங்கினார்.

"என்ன சார் அது?"

"ஆன்டிபயாடிக்தான். தொண்டை கரகரன்னா ஒண்ணு போட்டுக்குவேன். சாம்பிள்தான் வந்து குவியுதே."

மைமூனா மருந்து கலந்த, கிருமி வளர்க்கும் கல்ச்சர் தட்டு ஒன்றை நீட்டினார்.

"அஞ்சு விரலயும் வைங்க."

"நோயாளி மாடியில இருக்கா, மேடம்."

"வைங்க சார்."

மறுநாள் தட்டில் அவருடைய விரல்கள் வெள்ளை வெள்ளையாக முளைத்திருந்தன. மருந்துக்குக் கொஞ்சமும் அசரவில்லை.

கிருமியைச் சோதித்துப் பார்த்த பெர்க்மான்ஸுக்குக் கோபம் வந்தது.

"இது சாது. எல்லார் குடல்லயும் சும்மா கிடக்கிறது. அவளைப் படுக்க வச்சது வேற."

மைமூனா ஒரு சோதனைக் குழாயை எடுத்தார். அந்தச் சாதுவையும், மருந்து பட்டாலே செத்துப்போகும் இன்னொரு கிருமியையும் ஒரே குழாயில் விட்டு மூடினார்.

அடுத்த நாள் மருந்தை ஊற்றினார். சாக வேண்டியது சாகவில்லை.

பெர்க்மான்ஸ் திருதிருவென்று விழித்தார்.

"இது அந்தச் சாதுவோட பிள்ளையா?"

"இல்ல. பக்கத்துல இருந்துச்சு, அவ்வளவுதான். மருந்த முறிக்கிற மரபணுவ அந்தச் சாது நகலெடுத்து இதுக்குக் கொடுத்துடுச்சு."

"எதுக்குக் கொடுக்கணும்? சொந்தமா பந்தமா?"

"எனக்கும் தெரியல சார். கேட்டா சொல்லவா போகுது?"

"சரி, கொடுத்துச்சுன்னே வச்சுக்குவோம். மாத்திரை முழுங்கினது நான். கிருமி இருக்கிறது என் குடல்ல. அவ குடலுக்கு எப்படிப் போகும்? எனக்கு ஒரு மண்ணும் புரியல. நீங்க வேற குழப்புறீங்க!"

தொலைபேசி அடித்தது. மாடியிலிருந்து நர்ஸ்.

"சார், காய்ச்சல் இறங்கிடுச்சு! தங்கச்சி கண்ணு முழிச்சிட்டாங்க. பசிக்குதாம்."

பெர்க்மான்ஸுக்குக் கண் கலங்கியது. மாதாவே என்று துள்ளி எழுந்தார்.

"ஏதாவது கொடுங்க, சிஸ்டர்."

"எதையும் தொட மாட்டேங்காங்க சார். அண்ணன் வந்து சோறு பிசைஞ்சு கையில வச்சாத்தான் சாப்பிடுவேன்னு அடம்பிடிக்காங்க."

வாசல்வரை போனவர் நின்றார். மேசைமேல் இருந்த தட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

மைமூனா எழுந்து வந்து உள்ளங்கையை நீட்டினார்.

பெர்க்மான்ஸ் மாத்திரை அட்டையை எடுத்து அதில் வைத்தார்.