கோமதி அக்காவுக்கு ஒரு வாஷ்பேசின்

குற்றால மலைச் சரிவில் இருக்கும் எங்கள் ஆசிரமத்தில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று. மூத்த சீடருக்கு அறுபத்துமூன்று. குருவை நாச்சியார் அம்மா என்போம். சீடர் சிவசைலம், நெடுஞ்சாலைத் துறையில் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர். காட்டாறு வந்தாலும் அவர் கட்டிய பாலங்கள் அசைந்ததில்லையாம். நாங்கள் கேட்காமலேயே இதை வாரம் ஒருமுறை சொல்லிவிடுவார்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் மூச்சு வாங்க அம்மாவிடம் வந்தார்.

“அம்மா, வெள்ளிக்கிழமை கோமதி அக்கா வாரா!”

கோமதி அவருடைய ஒரே அக்கா. பக்கவாதம் வந்து இடது பக்கம் பலம் குறைந்தபின் ஒன்றரை வருடமாக வீட்டு வாசலைத் தாண்டாதவர். முகம் கழுவக்கூட இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வெட்கத்தில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை.

“ஆனா ஒரு நிபந்தனை போட்டிருக்கா. இங்க யாரும் அவளைத் தொட்டுப் பிடிக்கக் கூடாதாம். பிடிச்சா அப்பவே காரைத் திருப்பிருவாளாம்.”

“நல்ல நிபந்தனைதான்.”

“பிடிக்காம எப்படி அம்மா அவளைப் பாத்துக்கிடறது?”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“அவங்க தங்கப்போற அறையோட குளியலறையில இன்னும் வாஷ்பேசின் மாட்டலையே அண்ணாச்சி. முதல்ல அதை மாட்டுங்க.”

சிவசைலத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பெரிய பதிலை எதிர்பார்த்து வந்தவர் பாவம். இருந்தாலும் டிரில் மெஷினை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த அறைக்குச் செங்கல் சுவர் கிடையாது. சரிவில் செங்கல் சுமக்க ஆளில்லாமல், இரும்புச் சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்தி இரண்டு பக்கமும் போர்டு அடித்திருந்தோம். நடுவில் வெற்றிடம். சிவசைலம் அந்தச் சுவருக்குத் தன் கையாலேயே நீல வண்ணம் பூசியிருந்தார்.

துளை போட்டார். ஸ்க்ரூ இறுகுவதற்கான பிளாஸ்டிக் பிளக்கை வைத்துத் தட்டினார். அது சுவருக்குள் போய் எங்கோ விழுந்தது. இன்னொன்று வைத்தார். அதுவும் விழுந்தது. நாலு பிளக்கைச் சுவர் விழுங்கியபின் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தென்காசிக்குப் போய் இருப்பதிலேயே தடித்த பிளக்கும் நீளமான ஸ்க்ரூவும் வாங்கி வந்து முறுக்கினார். பேசின் உட்கார்ந்தது. மேலே மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

அம்மாவை அழைத்து வந்து காட்டினார்.

“அழகா இருக்கு. எவ்வளவு தாங்கும்?”

“பேசின் பதினாலு கிலோ. இது இருபது தாங்கும்.”

அம்மா பேசின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, முகம் கழுவுவதுபோல் குனிந்தார்.

கரக்.

பேசின் சுவரைப் பிய்த்துக்கொண்டு சாய்ந்தது. இருவரும் பாய்ந்து அதை மடியில் ஏந்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிவசைலத்தின் முகம் வெளுத்திருந்தது.

“அக்கா ஊன்றியிருந்தா...” என்றார்.

“அதான் நான் ஊன்றினேன்.”

“இன்னும் நீளமா ஸ்க்ரூ போடட்டுமா?”

“நீளமாப் போய் உள்ள எதைப் பிடிக்கும்?”

சிவசைலம் யோசித்தார். “உள்ள காத்துதான் இருக்கு.”

அம்மா எழுந்தார். தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். டொம், டொம், டக். அந்த இடத்தில் சட்டம் இருந்தது. துளைகளுக்கு அந்தப் பக்கமும் தட்டி அடுத்த சட்டத்தைக் கண்டுபிடித்தார். சிவசைலத்தின் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, நீலச் சுவரில் இந்தச் சட்டத்திலிருந்து அந்தச் சட்டம் வரை ஒரு கட்டம் வரைந்தார்.

“ஐயோ, பெயின்ட்!”

அம்மா பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சிவசைலம் அன்று மதியம் சாப்பிட வரவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றதாகச் சமையல்காரர் சொன்னார். சாயங்காலம் ரம்பச் சத்தம் கேட்டது. கட்டத்தை வெட்டியெடுத்தார். தடித்த வேங்கைப் பலகை ஒன்றை உள்ளே குறுக்காக வைத்து, இரண்டு முனையையும் இரும்புச் சட்டங்களோடு போல்ட் போட்டு முடுக்கினார். போர்டை மூடி, பூசி, காயவிட்டு, வண்ணம் அடித்து, அந்தப் பலகையிலேயே பேசினை மாட்டினார். அதற்குள் வியாழன் ஆகிவிட்டது. எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு, தன் எண்பத்திரண்டு கிலோவையும் அதன்மேல் போட்டுச் சாய்ந்தார். பேசின் அசையவில்லை.

“பாலம்!” என்று கத்தினார். நாங்கள் கை தட்டினோம்.

வெள்ளிக்கிழமை கோமதி அக்கா கைத்தடி ஊன்றி வந்து இறங்கினார். யாரும் தொடவில்லை. அறைக்குள் போய், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிவசைலம் வெளியே நின்றார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவர் கதவைத் தட்டக் கையை ஓங்கினார். அம்மா வேண்டாமென்று தலையை ஆட்டினார். கை அப்படியே இறங்கியது.

உள்ளே அக்கா பலமாக வாய் கொப்பளித்தார். மறுபடி தண்ணீர். மறுபடி கொப்பளிப்பு. ஒரு குழந்தை தண்ணீரில் விளையாடுவதுபோல் நெடுநேரம் நடந்தது.

கதவு திறந்தது. கோமதி அக்காவின் முகமும் முன்தலையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

“ஏல சைலம், அந்தச் சுவர்ல என்னல ஒட்டுப் போட்டிருக்க? ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் கருநீலம். பாலம் கட்டினவனுக்குப் பெயின்ட் அடிக்கத் தெரியலையே!”

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்காதான் எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கைத்தடியோடு தோட்டத்தைப் பார்க்கப் போனார்.

சிவசைலம் அம்மாவிடம் வந்தார். சந்தோஷம்தான், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“நாலு நாள் பாடுபட்டேன் அம்மா. பேசினைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. பெயின்ட்டைப் போய்ப் பாத்திருக்கா.”

“ஆமா அண்ணாச்சி,” என்றார் அம்மா. “ஒன்றரை வருஷம் கழிச்சு, விழுந்திருவோம்ங்கிற நெனைப்பில்லாம நின்னு, சுவரைப் பாத்திருக்காங்க.”