பூச்சி அரிக்காத செம்பருத்தி

"நான் என்னம்மா பாவம் பண்ணினேன்?" என்று கேட்டார் கதிரேசன்.

அவர் மடியில் ஒரு பூனை கிடந்தது. மிளகு என்று பெயர். உடம்பு விறைத்துப் போயிருந்தது.

மடத்துத் தலைவி சிவகாமவல்லி அம்மா அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவரைத்தான் கதிரேசன் குருவாக வரித்திருந்தார். மடத்து நந்தவனம் கதிரேசன் பொறுப்பு. மனைவி போன பிறகு அவரிடம் ஒட்டிக்கொண்ட ஒரே உயிர் இந்த மிளகுதான்.

"காலையில வாயில நுரை தள்ளிச்சு. துடிச்சுத் துடிச்சு அடங்கிடுச்சு. யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்லையே நான்!"

"பூசைக்கு நேரமாச்சு ஐயா. பூ கொண்டு வாங்க."

என்ன கல்நெஞ்சோ என்று நினைத்துக்கொண்டு, பூனையை வாசலில் துண்டு விரித்துக் கிடத்தினார்.

பூச்சி அரித்த பூ சாமிக்கு ஆகாது என்பது மடத்து வழக்கம். இந்த வருஷம் செம்பருத்தியைப் பூச்சி பிடித்து ஆட்டியது. கதிரேசன் விடுவாரா? கடையில் இருந்ததிலேயே வீரியமான மருந்தை வாங்கி, செடிகள் நனைய நனைய அடித்தார். இன்று தட்டு நிறையப் பூ. ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

பூசை முடிந்தது. அங்கே பிரசாதம் ஒரு செம்பருத்தி இதழ். வாயில் போட்டு மெல்ல வேண்டும்.

அம்மா ஓர் இதழைக் கிள்ளி வாயருகே கொண்டுபோனார்.

கதிரேசன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். குருவைத் தொடக்கூடாது என்பதெல்லாம் மறந்துவிட்டது.

"வேண்டாம்மா! மருந்து அடிச்சிருக்கு. இந்த வாரம் தலையில வெச்சுக்கிட்டாப் போதும்னு எல்லார்கிட்டயும் சொன்னேனே!"

"ஒருத்தரையும் விடாமச் சொன்னீங்களா?"

"சமையல்கட்டு வரைக்கும் போய்ச் சொன்னேன்."

அம்மா வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். மிளகின் முன்னங்காலை மெல்லத் தொட்டுக் காட்டினார். கறுப்பு மயிரில் மருந்து வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

மதியமெல்லாம் அது செம்பருத்தியடியில்தான் படுத்துக்கிடக்கும். எழுந்ததும் காலை நக்கிக்கொள்ளும். கதிரேசனுக்குத் தெரியாததா?

"ஐயோ, என் கண்ணே" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அம்மாவின் கண்ணும் நிறைந்தது.

அப்போது ஒரு தையல்சிட்டு வந்து செம்பருத்தியில் உட்கார்ந்தது. இலைக்கடியில் புழு தேடத் தொடங்கியது.

கதிரேசன் எழுந்து ஓடினார். கையைத் தட்டினார்.

"போ! போயிடு! விஷம் அது, தொடாதே!"

சிட்டு பயந்து, அடுத்த செடிக்குப் போய் உட்கார்ந்தது.

அதுவும் அவர் நனைய நனைய அடித்த செடிதான்.