குயிலுக்கு மேலே ஒரு கோடு

அந்தக் காலத்தில், ஆடு மாடும் பறவையும் மனுஷரைப் போலப் பேசித் திரிந்த நாளில், எல்லாருக்கும் இருந்தது ஒரே மாதிரித் தொண்டைதான். தவளை கத்தினாலும் குயில் கத்தினாலும் சத்தம் ஒன்றுபோலத்தான் வரும். "பருந்து வருது, ஓடியாங்க!" என்று கோழி கூப்பிட்டால் தவளைக்குஞ்செல்லாம் ஓடிவந்து கோழியின் காலைச் சுற்றும். கோழிக்குஞ்சோ, யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று மேய்ந்துகொண்டே இருக்கும். பருந்துக்குக் கொண்டாட்டம்.

பொறுத்துப் பார்த்து, ஒருநாள் எல்லாரும் ஏரிக்கரைப் பனைமரத்தடியில் கூடினார்கள். ஆளுக்கொரு பங்காகக் காற்றைப் பிரித்துக்கொள்வது என்று பேச்சு.

"நான் பிரிக்கிறேன்" என்று முன்னால் வந்தது காகம்.

"நீ பிரிச்சா உன் சொந்தக்காரங்களுக்கே காத்து பத்தாதே மாமா!" என்றது மைனா. கூட்டம் சிரித்தது.

கடைசியில் ஆமையைப் பிடித்தார்கள். ஆமைக்குக் கத்தத் தெரியாது. அது பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கும். அங்கே பங்கு கேட்காத ஆள் அது ஒன்றுதான்.

ஆமை சொல்லச் சொல்ல, மரங்கொத்தி பனையில் ஏறிக் கோடு கோடாகக் கொத்தியது. அடியில் எருமைக்கு ஒரு கோடு. அதற்கு மேலே தவளைக்கு. அப்புறம் காகம், கோழி, மைனா, குயில் என்று கோடு ஏறிக்கொண்டே போயிற்று. கோடு எவ்வளவு உயரமோ குரலும் அவ்வளவு உயரம். ஒருத்தர் கோட்டில் இன்னொருத்தர் வாய் வைக்கக் கூடாது.

"அடுத்த ஏரியிலயும் இதே கோடுதான் இருக்கணும். ஊருக்கு ஒண்ணா இருந்தா, ஊர் ஊராப் போற நாரை என்ன பண்ணும்?" என்றது ஆமை. நாரைகள் அந்தச் சேதியைக் கொண்டுபோயின.

அந்தப் பனையின் காய்ந்த ஓலைக்குள்தான் கருவாயி என்கிற வௌவால் குடியிருந்தாள். அவளுக்கு ஒரே பிள்ளை, பொட்டு. இப்போதுதான் சிறகை விரித்துப் பார்க்கிற வயசு. கூட்டத்துக்குப் போகக் கருவாயிக்குக் கூச்சம். ஓலையில் தலைகீழாகத் தொங்கியபடியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கருவாயி அக்கா, இந்தா உன் கோடு!" என்று கத்திவிட்டு இறங்கிப் போனது மரங்கொத்தி.

கருவாயி பார்த்தாள். அவள் கண்ணுக்கு எருமையின் கோடு எல்லாருக்கும் உச்சியில் இருந்தது. போகட்டும், பெரிய உடம்புக்காரர். ஆனால் குயில்? குயிலின் கோடும் அவளுடையதற்கு மேலேதான் இருந்தது. எல்லாருக்கும் அடியில், கடைசிக் கோடு கருவாயிக்கு.

அவள் வயிறு அன்றைக்குப் பற்றிக்கொண்டது.

காலையில் மாமரத்திலிருந்து குயில் கூவும். எருமை அசைபோடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும். "என்ன கொரலுடி இது, தேனாட்டம்!" என்று மைனாக்கள் சொக்கிப்போகும்.

"அப்படி என்ன இருக்கு அவகிட்ட?" என்று கருவாயி ஓலைக்குள்ளேயே முணுமுணுப்பாள். "ஒரு கூடு கட்டத் தெரியுமா? பெத்ததைக் காக்கா வீட்டுல போட்டுட்டு வர்றவ. நான் பிள்ளையை நெஞ்சோட தூக்கிக்கிட்டுப் பறக்குறேன். எனக்கு அடிக்கோடு, அவளுக்கு மேல்கோடா?"

தன் கோட்டில் அவள் ஒரு தடவைகூட வாய் திறந்து பார்க்கவில்லை. குயில் இல்லாத நேரம் பார்த்து, குயிலின் கோட்டில் "கூ" என்றாள். அப்படியே குயில்தான்.

"இன்னைக்குக் குயிலக்கா ரெண்டாந்தரமும் கூவிட்டாளே! முன்னைக்கு இது இன்னும் நல்லாயிருக்கு" என்றது மைனா.

கூவினது இவள், பேர் அவளுக்கு! கருவாயிக்கு நெஞ்சு கொதித்தது. அந்தக் கொதிப்பில் மூன்று நாள் விடாமல் கூவினாள். அதைக் கேட்டுக் கேட்டு, அதுதான் அம்மாவின் குரல் என்று பொட்டு மனசில் பதித்துக்கொண்டான்.

நாலாம் நாள் கருவாயி பூச்சி பிடிக்க ஏரிக்குப் போயிருந்தாள். அந்தக் காலத்தில் வௌவாலும் பகலில்தான் இரை தேடும். மாமரத்தில் குயில் "கூ" என்றது. அம்மா கூப்பிடுகிறாள் என்று பொட்டு ஓலையை விட்டுப் பறந்தான். பாதி வழியில் பருந்தின் நிழல். பயந்துபோய்க் கருவேல முள்ளுக்குள் விழுந்தான்.

கருவாயி திரும்பி வந்தபோது ஓலை வெறுமையாய் ஆடிக்கொண்டிருந்தது. "கூ... கூ..." என்று பதறினாள். மாமரத்திலிருந்தும் "கூ" என்று வந்தது. முள்ளுக்குள் கிடந்த பொட்டுவுக்கு எது அம்மா என்று தெரியவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டான்.

கருவாயி பனையடியில் இருந்த ஆமையின் முன்னால் வந்து விழுந்தாள். "உன்னாலதான்! எனக்கு அடிக்கோட்டைக் கொடுத்துட்டு, இன்னைக்கு என் பிள்ளையைக் காணோம்!"

"அடிக்கோடா, உனக்கா?" ஆமை தலையை நீட்டியது. "நிமிர்ந்து பாரும்மா."

முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்து, தலையை மேலே தூக்கிப் பார்த்தாள். எருமையின் கோடு அவள் காலடியில் இருந்தது. குயிலின் கோடு எங்கேயோ மேலே. அதற்கும் மேலே, ஓலையை ஒட்டி, இன்னொரு கோடு.

"பிள்ளைக்காரியாச்சே, யார் சத்தமும் குறுக்கே வரவேண்டாம்னுதான் உச்சியைக் கொடுத்தேன்" என்றது ஆமை. "ஆனா அந்த உயரத்துல போனா வேற யாருக்கும் கேட்காது. ஒருத்தரும் மெச்சமாட்டாங்க."

"என் பிள்ளைக்கு?"

"அவனும் உன் சாதிதானே. கேட்கும்."

அந்த நேரம் பார்த்துக் குயில் கூவியது. மைனாக்கள் தலையை ஆட்டின. பிள்ளையைக் காணாத அந்தத் தவிப்பிலும் கருவாயிக்கு ஒரு கணம் வயிறு எரியத்தான் செய்தது. பிறகு உச்சிக்குப் பறந்துபோய், தன் கோட்டில் வாய் திறந்தாள். "பொட்டு!"

எருமை திரும்பவில்லை. குயில் திரும்பவில்லை. "என்ன கருவாயி அக்கா, கொட்டாவியா?" என்றது மைனா.

அந்த உயரத்தில் வேறு யார் சத்தமும் இல்லை. பொட்டு காதில் விழுந்தது அம்மாவின் குரல் மட்டும்தான். கருவேல முள்ளுக்குள்ளிருந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அம்மா" என்றான் பொட்டு.

ஆமை போட்ட கோட்டை இன்றைக்கும் காற்று மறக்கவில்லை. ரேடியோவுக்கு ஒன்று, செல்போனுக்கு ஒன்று என்று மனுஷரும் பிரித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அன்று முதல்தான், வௌவால் தொண்டை கிழியக் கத்தினாலும் நம் காதில் விழுவதில்லை. அதன் பிள்ளைக்கு விழுகிறது. ஆனாலும் குயிலை ஊரே மெச்சுகிற பகல்பொழுதை மட்டும் வௌவாலால் பொறுக்க முடியவில்லை. சிறகால் முகத்தை மூடிக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வருகிறது.