துரை மஸ்ட் டை

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கலெக்டர் துரையின் கறுப்புக் கோட்டு வெளுத்திருந்ததைப் பார்த்த சாயக்காரி பொம்மக்கா, சாயம் போடச் சொல்லி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "துரை மஸ்ட் டை" என்றுவிட்டாள். டை என்றால் சாயம் போடுவது. சாவதும் டைதான்; எழுத்து மட்டும் வேறு. சேவகர்கள் அவளைக் கோர்ட்டுக்கு இழுத்து வந்தார்கள்.

"என்னைச் சாகச் சொன்னாய். ஏழு வருஷம் ஜெயில்!" என்றார் துரை.

"சாயத்தைத்தான் சொன்னேன், தொரை."

"இங்கிலீஷ் என் தாய்மொழி. என் காது தப்புப் பண்ணுமா?"

"அப்ப குமாஸ்தா ஐயா அந்த ரெண்டுல ஒண்ணைக் காகிதத்துல எழுதி, படிக்கட்டும். எதுன்னு கேட்டே சொல்லிட்டீங்கன்னா, நானே ஜெயிலுக்கு நடந்து போறேன்."

துரை சிரித்தபடி சம்மதித்தார். குமாஸ்தா எழுதிப் படித்தார்: "டை."

துரை காதைக் கொடுத்து முன்னால் சாய்ந்தார். தப்பாகச் சொன்னால் ஊரே பார்க்க மானம் போகும்.

"இன்னொரு தரம்."

"டை."

துரை மெல்ல எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"எனக்குத் தெரியவில்லை, அம்மா. நீங்கள் போகலாம்."

அந்த வாய் அதற்குமுன் அந்த ஜில்லாவில் யாரையும் அம்மா என்று கூப்பிட்டதில்லை.