சாம்பி வாத்து அளந்த தூரம்

சென்னைக்குத் தெற்கே ஓர் ஏரி. குளிர்காலம் முழுக்க அங்கே தங்கியிருந்த வரித்தலை வாத்துகள், மங்கோலியாவில் உலான்பாத்தர் நகரத்தை ஒட்டிய தங்கள் சொந்த ஏரிக்குக் கிளம்ப ஆயத்தமாயின. முட்டையிட அங்கேதான் போக வேண்டும்.

விமான நிலையத்துக் காக்கை ஒன்று வந்து, இரண்டு ஊருக்கும் நடுவே விமானம் நேராகப் பறந்தாலே நாலாயிரத்து அறுநூறு கிலோமீட்டராம் என்று சேதி சொன்னது. வாத்துகள் பெருமூச்சு விட்டன. சாம்பி என்ற வாத்து மட்டும் சிரித்தது.

"இதெல்லாம் ஒரு தூரமா? வரும்போது எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. நீங்கள்தான் சும்மா அலட்டிக்கொள்கிறீர்கள்!"

கூட்டத்தின் தலைவன் வரியன், பக்கத்தில் நின்ற மருதி என்ற வாத்தைப் பார்த்துவிட்டு இறகைக் கோதத் தொடங்கியது. சரிதான், ஒப்புக்கொண்டுவிட்டான் என்று சாம்பி நினைத்துக்கொண்டது. முந்திப் போனால் நாணல் திட்டில் நல்ல இடமாகக் கூடு கட்டலாமே! மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தனியே பறந்துவிட்டது.

முதல் நாள் ஜோராகத்தான் போயிற்று. இரண்டாம் நாள் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. மூன்றாம் நாள் நாகபுரிப் பக்கம் ஒரு குட்டையில் பொத்தென்று விழுந்தது. இறக்கையைத் தூக்கவே முடியவில்லை. கரையில் ஒரு நரி வந்து உட்கார்ந்தது. நரிக்கு அவசரமே இல்லை. சாம்பிக்கு உயிர் கையில் இல்லை.

பொழுது சாயும் நேரம் கூட்டம் அதே வழியாக வந்தது. மேலிருந்து பார்த்த வரியன் சட்டென்று இறங்க, நாற்பது வாத்துகளும் கூடவே இறங்கிச் சாம்பியைச் சுற்றி நின்றன. நரி எழுந்து போய்விட்டது.

நாலு வார்த்தை திட்டு விழும் என்று சாம்பி தலையைக் குனிந்தது. வரியன் கேட்டது வேறு.

"சாப்பிட்டாயா?"

சாம்பிக்கு அழுகை பீறிட்டது. "அண்ணே, இவ்வளவு தூரமா? வரும்போது எனக்குத் தெரியவே இல்லையே!"

"முன்னால் பறக்கிறவர் மேல்தான் காற்று மோதும். பின்னால் வருகிறவருக்கு லேசாக இருக்கும். அதனால்தான் முறை வைத்து மாறி மாறிப் பறக்கிறோம். அப்போது உன் இறக்கையில் அடிபட்டிருந்தது. உன்னைக் கடைசியில் விட்டு, உன் முறைக்கெல்லாம் மருதிதான் முன்னால் பறந்தாள்."

"யாரும் சொல்லவில்லையே?"

"சொன்னால் நீ சங்கடப்படுவாய் என்று மருதிதான் சொல்ல வேண்டாம் என்றாள்."

சாம்பி தேறும்வரை கூட்டம் அங்கேயே இருந்தது. நாள் தள்ளிப்போனால் கூடு கட்ட நல்ல இடங்கள் பறிபோகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

ஐந்தாம் நாள் கிளம்பும்போது சாம்பி யாரையும் கேட்காமல் முன்னால் போய் நின்றது. காற்று நெஞ்சில் மோதியது. மோதட்டும் என்று பறந்தது. பின்னால் மருதி ஏதோ ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டே வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்கச் சாம்பிக்கு மனம் நிறைந்தது.

நமக்கு வழி லேசாக இருந்தால், நமக்காக யாரோ முன்னால் நின்று காற்றைத் தாங்குகிறார்கள் என்று அறிந்து நன்றியோடு இருக்க வேண்டும்.