மூன்றாம் வகுப்பில் தேறிய பிரகாசியம்மாள்

கோணமங்கலம் பங்குக் கோவிலில் பீடத் துணிகளைத் துவைத்து வந்தவர் பிரகாசியம்மாள். செஞ்சிக்கு வடக்கே, கல் குவாரிகளுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. வெள்ளைத் துணி ஒரு பூசைக்கு மேல் வெள்ளையாக நிற்காது. சனிக்கிழமைதோறும் அவர் அவற்றை மூட்டை கட்டி எடுத்துப்போவார். நற்கருணை அப்பம் வைக்கும் சிறு துகிலை மட்டும் தனிச் சட்டியில் முதலில் அலசுவார். ஒரு துணுக்கு கரைந்திருந்தாலும் அது ஆண்டவரின் உடல் என்று, அந்தத் தண்ணீரைச் செம்பருத்தி வேரில் ஊற்றி முழந்தாளிடுவார். மற்ற நாட்களில் கன்னியர் மடத்துப் பள்ளியில் சோற்று அண்டா தேய்த்தார். கணவர் குவாரியில் கல் சரிந்து இறந்தபின், அண்டா தேய்த்த கையோடே அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் படித்துத் தேறினார். ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே பங்கில் இருதயம் என்றொரு பெண் இருந்தார். வயது முப்பத்தொன்று. பிறவியிலேயே பேச்சில்லை, அறிவும் நாலு வயதோடு நின்றுபோனது என்றார்கள். ஞாயிறுதோறும் எல்லோரோடும் நன்மை வாங்க, அதாவது நற்கருணை அப்பம் பெற, வரிசையில் நிற்பார். பங்குத்தந்தை சிரில் அடிகள் அவர் நெற்றியில் ஒரு சிலுவை வரைந்து, நாவில் அப்பம் வைக்காமல், ஒதுங்கு என்று கையால் காட்டுவார். இருதயம் அப்படியே நின்று அழுவார். பின்னால் நிற்பவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்தியாக நாக்கை நீட்டுவார்கள்.

ஒருநாள் துணி மூட்டையைக் கொடுக்கப் போன இடத்தில் பிரகாசியம்மாள் கேட்டுவிட்டார். "சாமி, அந்தப் புள்ளைக்குப் புதுநன்மை குடுத்தா என்னா?"

"கடவுள் குடுத்த பத்துக் கற்பனை சொல்லத் தெரியுமா அவளுக்கு?" என்றார் அடிகள். "நன்மைன்னா என்னன்னு கேட்டா பதில் சொல்லுவாளா? அதுக்கெல்லாம் சட்டம் இருக்குதும்மா. துணி தொவைக்கிற உனக்கு அது எங்க தெரியப் போவுது? படிச்சிட்டு வா, அப்புறம் பேசலாம்."

அவர் சொன்னது விரட்டுவதற்காக. பிரகாசியம்மாள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார்.

நகரத்து இறையியல் கல்லூரி ஒன்றில் அவ்வாண்டு இறையியலும் மறைக்கல்வியியலும் சேர்ந்த இரண்டாண்டு முதுகலைப் படிப்பைப் பொதுநிலையினருக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். திருச்சபையின் பரந்த மனமே காரணம் என்று அறிக்கையில் எழுதியிருந்தது. ஆள் சேரவில்லை என்பதே உண்மை. நாற்பத்து மூன்று வயதில் பிரகாசியம்மாளுக்கு இடம் கிடைத்தது. கல்லூரிக்குப் பக்கத்து மடத்தில், கன்னியர் உடைகளைத் துவைத்துக் கொடுப்பதாகச் சொல்லித் தங்கிக்கொண்டார்.

வகுப்பில் பத்தொன்பது பேர். குருமாணவர்கள், இளங்கன்னியர்கள், எல்லோரும் கடவுளுக்கென்றே தங்களைக் கொடுத்தவர்கள். ஏழைகள் சார்பு நிலை என்று முப்பது பக்கம் கட்டுரை எழுதுவார்கள். சாப்பாட்டு மேசையில் பிரகாசியம்மாள் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். அவர் கையில் சோப்பு வாடை அடிக்கிறதாம். இரண்டாம் வாரத்திலேயே அவருக்கு 'லாண்டரி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர் பின்னாளில் தாழ்ச்சி என்னும் புண்ணியத்தைப் பற்றித் தியானம் கொடுப்பதில் பேரெடுத்தார்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே இருந்தவர் அருள்முனைவர் கஸ்பார். திருமுழுக்கு, நற்கருணை முதலிய அருளடையாளங்களைப் பற்றிய பாடம் நடத்தியவர். எட்டு வருடம் ரோமையில் இருந்ததை அவர் ஒரு வகுப்பிலும் மறந்ததில்லை, மற்றவர்களையும் மறக்கவிட்டதில்லை. தமிழில் ஒரு வாக்கியம் தொடங்கினால் லத்தீனில்தான் போய் இறங்குவார். முதல் நாள் அவர் பிரகாசியம்மாளை எழுப்பி, அருளடையாளங்கள் எத்தனை என்று கேட்டார்.

"தேவதிரவிய அனுமானம் ஏழு, சாமி" என்றார் அவர், சிறுவயதில் கற்ற பழஞ்சொல்லில்.

கஸ்பார் வாய்விட்டுச் சிரித்தார். "எந்த நூற்றாண்டுல இருந்து வர்றீங்க? இந்தப் படிப்புக்கு பக்தி பத்தாதும்மா. மூளை வேணும்."

வகுப்பும் சிரித்தது. பிரகாசியம்மாளுக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். காது மடல் சுட்டது. உட்கார்ந்தபின் மேசைக்கடியில் செபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டு, 'ஆண்டவரே, இவரு சிரிக்கட்டும். நான் வந்த கேள்விக்கு மட்டும் பதில காட்டு' என்று மன்றாடினார்.

முதல் பருவத்தில் இரண்டு பாடங்களில் தோற்றார். தோற்றவர்கள் பட்டியலில் அவர் பெயர் மட்டும் இருந்தது. மடத்துத் தலைவி, "வயசான காலத்துல இது எதுக்கு? துணி வேலையே நல்லா செய்றீங்களே" என்றார். அம்மாள் தலையாட்டிவிட்டு, மறுநாளும் விடிந்ததும் துணிகளை அலசிக் கொடியில் போட்டுவிட்டு நூலகத்துக்கே போனார். அகராதியைப் பக்கத்தில் வைத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் என்று படித்தார். மற்றவர்கள் பட்டத்துக்குப் படித்தார்கள். அவர் ஒரு பெண்ணுக்காகப் படித்தார்.

இரண்டாம் ஆண்டில், திருச்சபைச் சட்டத் தொகுப்பில் அந்த வரி அவர் கண்ணில் பட்டது. சாகும் தறுவாயிலுள்ள குழந்தைகளைப் பற்றியது. ஆண்டவரின் உடலைச் சாதாரண உணவிலிருந்து பிரித்தறிந்து, வணக்கத்தோடு பெறத் தெரிந்தால் அவர்களுக்கு நன்மை கொடுக்கலாம் என்றது. கேள்வி பதில் இல்லை. மனப்பாடம் இல்லை. அம்மாள் புத்தகத்தை மூடிவிட்டு நூலகத்திலேயே அழுதார். எதிரே இருந்த குருமாணவர் சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினார்.

பேச்சில்லாதவர்களுக்கான மறைக்கல்வி என்று ஆய்வேட்டுக்குத் தலைப்பு வைத்தார். வாய்மொழித் தேர்வில் கஸ்பாரே நடுவில் உட்கார்ந்திருந்தார். ஏட்டை இரண்டு விரலால் புரட்டினார், அழுக்குத் துணியைத் தொடுவதுபோல.

"சட்டம் குழந்தைங்களுக்குச் சொல்லுது. நீங்க முப்பது வயசு பொண்ணுக்கு இழுக்கறீங்க. சரி, இருக்கட்டும். அப்பத்துக்கும் ஆண்டவருக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும்னு எப்படி நிரூபிப்பீங்க?"

பிரகாசியம்மாள் எழுந்து நின்றே பதில் சொன்னார். "சாமி, பூசை உடுப்பு மாத்துற அறையில மந்திரிக்காத அப்பம் ஒடஞ்சி கெடக்கும். எடுத்துக் குடுத்தா நொறுக்குனு கடிச்சி சிரிப்பா, இன்னும் குடுன்னு கை நீட்டுவா. அதே மாவு, அதே வட்டம். பூசையில சாமி அத தூக்கிக் காட்டும்போது, செருப்ப கழட்டிடுவா. முந்தானையால வாயத் தொடச்சிகினு கும்புடுவா. யாரும் சொல்லிக் குடுக்கல. பதினெட்டு வருசமா நான் பாத்துகினு இருக்கேன்."

"அது பழக்கம். விசுவாசம் இல்ல."

"நமக்கும் பழக்கந்தான சாமி? நம்மள யாரும் நிரூபிக்கச் சொல்லல."

கஸ்பார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தோற்கடிக்கக் காரணம் கிடைக்காத மனிதர் கொடுக்கக்கூடிய மதிப்பெண் எதுவோ அதைக் கொடுத்தார். பிரகாசியம்மாள் மூன்றாம் வகுப்பில் தேறினார்.

சான்றிதழைக் கோணமங்கலத்தில் சிரில் அடிகளிடம் காட்டினார். அடிகள் கடைசி வரியை மட்டும் படித்தார். "மூணாம் வகுப்பா? இதுக்கா ரெண்டு வருசம்?" என்றவர், மேசைமேல் கிடந்த பீடத் துணிகளை அவர் பக்கம் தள்ளினார். "பெரிய படிப்பு படிச்சிட்ட. இது ரெண்டு வாரமா கெடக்குது, பாரு."

அம்மாள் துணிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அன்று அவருடைய செபம் 'நீதான் படிக்கச் சொன்னன்னு நெனச்சேன்' என்பதோடு நின்றுபோனது.

அதற்கடுத்த மாதம் உறுதிபூசுதல் என்னும் அருளடையாளத்தைக் கொடுக்க ஆயர் வந்தார். கோவில் நிரம்பி வெளியே பந்தலிலும் கூட்டம். நடுப் பாதையில் ஆயரும் அடிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று நன்மை கொடுத்தார்கள். ஆயர் முன்னால் தன் பங்கு மக்கள் முண்டியடிப்பது அடிகளுக்கு அவமானமாக இருந்தது. கண்ணால் அதட்டிக்கொண்டே, வேகவேகமாகக் கொடுத்தார். அந்த வேகத்தில் ஓர் அப்பம் அவர் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் பார்க்கவில்லை. ஆயரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்தவர் இருதயம். தட்டில் இருப்பதைப் பிடுங்கித் தின்பவர் என்று ஊரே சொல்லும் அந்தப் பெண், ஓவென்று ஓலமிட்டுத் தரையில் விழுந்தார். அப்பத்தைத் தொடவில்லை. அதன்மேல் இரண்டு கைகளையும் கூரைபோலக் கவித்துக்கொண்டு, வருகிற கால்களுக்கெல்லாம் தன் முதுகைக் கொடுத்தார். யாரோ அவர் விரலை மிதித்தார்கள். அவர் கையை எடுக்கவில்லை.

"ஏய், அவள இழுங்க வெளிய" என்றார் அடிகள்.

ஆயர் பாத்திரத்தைப் பக்கத்திலிருந்த குருவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். "என்னம்மா?" என்றார். இருதயம் ஒரு கையை மட்டும் மெல்ல விலக்கிக் கீழே காட்டினார். பின் அதே விரலை உயர்த்திப் பீடத்துச் சிலுவையில் தொங்கியவரைக் காட்டினார். மறுபடி கீழே. மறுபடி மேலே. பிறகு முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஆயர் முழந்தாளிட்டு அந்த அப்பத்தை எடுத்தார். "இவங்களுக்கு ஏன் இதுவரைக்கும் நன்மை குடுக்கல?" என்று கேட்டார். தரையில் விழுந்து கிடந்த அதே அப்பத்தை ஆயர் இருதயத்தின் நாவில் வைத்தார்.

பூசை முடிந்ததும், யார் இவருக்குக் கற்றுக்கொடுத்தது என்று விசாரித்தார். "நம்ம பங்குல மறைக்கல்விக்கு நல்ல ஏற்பாடு இருக்குங்க ஆயரே" என்றார் சிரில் அடிகள், கொஞ்சமும் கூசாமல். கூட்டத்திலிருந்த இருதயத்தின் தாய் பிரகாசியம்மாளின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார். "நான் ஒன்னும் கத்துக் குடுக்கல ஆண்டவரே" என்று ஆயரிடம் சொன்னார் அம்மாள். "அவளுக்குத் தெரிஞ்சத எழுதினேன். அவ்ளோதான்." ஆயர் அந்த ஏட்டைக் கேட்டு வாங்கிப் போனார்.

இன்று அந்த மறைமாவட்டத்தில், பேச்சில்லாதவர்களும் புத்தி வளராதவர்களும் நன்மை வாங்குகிறார்கள். அவர்களை ஆயத்தப்படுத்த ஊர் ஊராகப் பேருந்தில் போய்வருகிறவர் பிரகாசியம்மாள். அருள்முனைவர் கஸ்பார் இதே பொருளில் ஒரு நூல் எழுதினார். அதில் அம்மாளின் பெயர் இல்லை. யாரோ இதைச் சொன்னபோது, "கருத்து சரியா போட்டுருக்காரா?" என்று மட்டும் கேட்டாராம் அம்மாள்.

கற்றவர் சபை மூன்றாம் வகுப்பு போட்ட ஆய்வுக்கு, ஆண்டவர் தாமே தரையில் விழுந்து சாட்சி சொன்னார். வாயில்லாதவர்களுக்காக வாதாடப் படித்த அந்த எளிய அம்மாளின் பெயரைச் சொல்லும்போது, நம் நாவும் கொஞ்சம் துலங்கட்டும்.