பத்தாம் தேதிக் கல்லா

சமுதாயக் கல்லூரியில் கணக்குப் பதிவு வகுப்பு. ஆசிரியை ரிஸ்வானாவுக்கு வயது இருபத்தாறு. மாணவி வேதநாயகிக்கு நாற்பத்தெட்டு. ஒரு ஹார்டுவேர் கடையின் கல்லாவில் இருபது வருஷம் உட்கார்ந்தவள்.

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது.

"நாளைக்குச் சர்டிபிகேட்டோட வந்தா கம்ப்யூட்டர்ல உக்காரு. வராட்டி குடோன்ல ஆணி எண்ணு" என்று முதலாளி சொல்லியிருந்தார். வேதநாயகி அதை வகுப்பில் அப்படியே, அவருடைய மூக்கு உறிஞ்சலோடு, சொல்லிக் காட்டினாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

சர்டிபிகேட்டுக்கு ரெக்கார்டு நோட்டில் ரிஸ்வானாவின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்குக் கடைசிப் பயிற்சி முடிய வேண்டும். ஒரு பாத்திரக் கடையின் ஒரு மாதச் சீட்டுகள், நூல் போட்டுக் கட்டியவை. எல்லாருக்கும் அதே சீட்டுகளின் நகல், ஆளுக்கு ஒரு கட்டு.

"டேலி ஆயிடுச்சு மேடம்!" கோகுல் கத்தினான். பின்னாலேயே பத்துக் குரல், "டேலி! டேலி!" என்று மீன் விற்கிற மாதிரி.

ரிஸ்வானா பதினொரு திரையையும் பார்த்தாள்.

"மறுபடி போடுங்க."

வேதநாயகி நோட்டோடு எழுந்து வந்தாள்.

"பற்று இந்தப் பக்கம், வரவு அந்தப் பக்கம். ஒரு பைசா வித்தியாசம் இல்லை. இன்னும் என்ன தப்பு மேடம்?"

ரிஸ்வானா கழுவி வைத்திருந்த தன் டிபன் பாக்ஸை நீட்டினாள்.

"இதுலேருந்து நானூறு ரூபா எடுங்கக்கா."

திறந்தாள். "காலி மேடம்."

"பத்தாம் தேதி எடுத்திருக்கீங்களே."

வேதநாயகி திரைக்கு ஓடினாள். ஒன்பதாம் தேதி கல்லாவில் மிச்சம் ஆயிரத்து இருநூறு. பத்தாம் தேதி கொடுத்த கூலி ஆயிரத்து அறுநூறு. அதைப் பதியும்போது கம்ப்யூட்டர் என்னமோ எச்சரித்தது. என்டர் தட்டினாள், போய்விட்டது. பதினொரு பேரும் தட்டியிருந்தார்கள்.

"பதினொன்னாம் தேதி மூவாயிரத்துக்கு வியாபாரம் இருக்கு" என்றான் கோகுல். "கூலியை ஒரு நாள் தள்ளிப் போட்டுருங்கக்கா. யார் பாக்கப் போறா?"

"கூலி வாங்கினவன் பாப்பான்டா. பத்தாம் தேதின்னு கையெழுத்துப் போட்டிருக்கான்."

சொல்லிக்கொண்டே வேதநாயகி சீட்டுகளை மேஜையில் பரப்பினாள். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மறுபடி புரட்டினாள். பிறகு நேராக நடந்து வந்து ரிஸ்வானாவின் முன்னால் கையை நீட்டினாள், கல்லாவில் நீட்டுகிற மாதிரி.

"ஒரு சீட்டு குறையுது மேடம்."

"எப்படிச் சொல்றீங்க?"

"கல்லாவில பணம் இல்லை, ஆனா கூலி போயிருக்கு. அப்போ பாத்திரக் கடை முதலாளி தன் பையிலேருந்து போட்டிருக்கணும். போட்டா எழுதி வாங்காம விடமாட்டார். குடுங்க."

ரிஸ்வானா வருகைப் பதிவேட்டைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். பத்தாம் தேதி. முதலாளி போட்டது, ரூபாய் நானூறு.

வகுப்பு மேஜைகளைத் தட்டியது. ஒருத்தன் விசிலே அடித்தான். வேதநாயகி நின்றபடியே பதிந்தாள். இந்த முறை கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. ரிஸ்வானா ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டாள், பெரிதாக.

கோகுலுக்கு மட்டும் ஆறவில்லை.

"இது அநியாயம் மேடம். சீட்டை நீங்களே எடுத்து வச்சுக்கிட்டா நாங்க எப்படிப் போடறது?"

ரிஸ்வானா பேனாவை மூடினாள்.

"வேலைக்குப் போற இடத்துல முழுக் கட்டையும் யாருடா குடுப்பா?"